நம்ம ஊர் ஆரம்ப சுகாதார நிலையம் டெங்குவுக்குத் தயாரா? – வாசகர் கேள்வி பதில்

மழைக்காலம் நெருங்குவதால் டெங்கு பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். ஆரம்ப சுகாதார நிலையப் பணி, ஆய்வகம், கொசு ஒழிப்பு மூன்றையும் அறிந்த குழு பதில் எழுதுகிறது. மருந்து, சலைன் அளவுகள் பொதுவான வழிகாட்டுதலின்படி தரப்பட்டவை. நோயாளியைப் பார்க்கும் மருத்துவரின் முடிவே இறுதியானது.

கே: என் மகனுக்கு 27 வயது. இரண்டு நாளாகக் கடும் காய்ச்சல். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பாராசிட்டமாலும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும் கொடுத்து "நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். டெங்கு டெஸ்ட் எடுக்கவில்லை. வசதி இல்லையா, அலட்சியமா?
– வாசகி, மணப்பாறை

ப: இரண்டும் இல்லாமல் இருக்கலாம். சீட்டை எடுத்துப் பாருங்கள். காய்ச்சல் எத்தனையாவது நாள், எடை, நாடித் துடிப்பு, ரத்த அழுத்தத்தின் இரண்டு எண்கள், தட்டணுக்கள் (பிளேட்லெட்), பி.சி.வி. (ரத்தத்தில் சிவப்பணுக்களின் விகிதம்) ஆகியவை எழுதப்பட்டிருந்தால் உங்கள் மகனை ஒழுங்காகத்தான் பார்த்திருக்கிறார்கள். மருந்தின் பெயர் மட்டும் இருந்தால், கோபப்பட உங்களுக்குக் காரணம் இருக்கிறது.

டெங்கு வைரஸைக் கொல்லும் மருந்து எந்த மருத்துவமனையிலும் இல்லை. முதல் மூன்று நாளில் டெங்கு என்று உறுதியானாலும் சிகிச்சை மாறப்போவதில்லை. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், குடிக்க நீராகாரம், தினமும் ஒரு பரிசோதனை, அவ்வளவுதான். "நாளைக்கு வாங்க" என்பதைத் தட்டிக்கழிக்கும் பேச்சாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்த நோயில் சிகிச்சையின் முக்கால் பங்கு அதுதான். மறுநாள் போகாமல் இருந்தால்தான் ஆபத்து.

பாராசிட்டமால் பெரியவர்களுக்கு 500 அல்லது 650 மில்லிகிராம் மாத்திரை, ஆறு மணி நேர இடைவெளியில், நாளுக்கு நான்கு முறைக்கு மேல் வேண்டாம். குழந்தைக்கு ஒரு வேளைக்கு எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 15 கிலோ குழந்தைக்கு 150 முதல் 225 வரை. சிரப்பில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம், 250 மில்லிகிராம் என்று இரண்டு வகை விற்கிறது. பழைய பாட்டிலின் அளவை நினைவில் வைத்துப் புது பாட்டிலை ஊற்றும்போது இரட்டிப்பாகிவிடும். டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன், மெஃபெனமிக் ஆசிட், ஆஸ்பிரின் ஆகியவை கூடாது. காய்ச்சல் சீக்கிரம் இறங்கும் என்று மருந்துக்கடையில் கொடுக்கும் கலவை மாத்திரைகளில் இவற்றில் ஒன்று இருக்கும். அட்டையைத் திருப்பிப் படியுங்கள்.

கே: அப்படியானால் எப்போது பயப்பட வேண்டும்? பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது என்று பள்ளிக்குக்கூட அனுப்பத் தயாரானார்கள். அன்று இரவே மோசமாகிவிட்டது.
– வாசகர், கடையநல்லூர்

ப: அந்த வீட்டார் செய்தது எல்லாரும் செய்வதுதான். மற்றக் காய்ச்சல்களில் உடம்பு குளிர்ந்தால் நிம்மதி. டெங்குவில் உடம்பு குளிரும் நேரம்தான் ஆபத்து தொடங்கும் நேரம். பெரும்பாலும் காய்ச்சலின் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் இது வரும். ரத்தக் குழாய்களின் சுவர் வழியே பிளாஸ்மா எனும் நீர்ப்பகுதி கசிந்து வயிற்றிலும் நெஞ்சுக்கூட்டிலும் தேங்கும். குழாய்க்குள் ரத்தம் கெட்டியாகி, அளவு குறைந்து, அழுத்தம் சரியும். இந்தக் கசிவு 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். அதைத் தாண்டிவிட்டால் கசிந்த நீர் தானாகவே திரும்பி வந்துவிடும்.

விடாத வயிற்று வலி, திரும்பத் திரும்ப வாந்தி, ஈறு அல்லது மூக்கில் ரத்தம், கருப்பாக மலம், பெண்களுக்கு வழக்கத்துக்கு மீறிய உதிரப்போக்கு, சோர்ந்து கிடப்பது அல்லது காரணமில்லாமல் அமைதியின்றிப் புரள்வது: இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. குழந்தை நான்கைந்து மணி நேரமாகச் சிறுநீர் கழிக்கவில்லை, கை கால் சில்லென்று இருக்கிறது என்றால் உடனே கிளம்புங்கள். இரவில் செவிலியர் மட்டும் இருப்பார் என்று தெரிந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நேரத்தை விடாமல் 108-ஐ அழைத்து நேராக அரசு மருத்துவமனைக்குப் போகலாம்.

ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை, கர்ப்பிணி, சர்க்கரை நோயாளி, முதியவர், இதய அல்லது சிறுநீரக நோய் உள்ளவர், தனியாக வசிப்பவர் ஆகியோருக்கு அபாய அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் படுக்கையில் வைத்துக் கண்காணிப்பதே முறை.

கே: எங்களுடையது முப்பது படுக்கை கொண்ட வட்டார ஆரம்ப சுகாதார நிலையம். அக்டோபருக்கு முன்பு காய்ச்சல் வார்டுக்கு என்னென்ன தயார் செய்ய வேண்டும்? எழுத்தில் வரும் பட்டியல்கள் பொதுவாகவே இருக்கின்றன.
– செவிலியர், தென்காசி மாவட்டம்

ப: விலையுயர்ந்த கருவிகளில் தொடங்காமல் பி.பி. கஃபிலிருந்து தொடங்குவோம். பல இடங்களில் பெரியவர்களுக்கான கஃப் ஒன்றுதான் இருக்கும். அதைக் குழந்தையின் கையில் சுற்றினால் அளவு உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். சின்ன கஃபைப் பெரியவருக்குச் சுற்றினால் கூடுதலாகக் காட்டும். டெங்குவில் நாம் தேடுவது மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் உள்ள இடைவெளியை. அது 20 அல்லது அதற்குக் கீழே வந்துவிட்டால், மேல் எண் 100 இருந்தாலும் நோயாளி அதிர்ச்சி நிலையில் (ஷாக், அதாவது உடலுக்கு ரத்த ஓட்டம் போதாத நிலையில்) இருக்கிறார். 100/84 என்று எழுதிவிட்டு "பி.பி. நார்மல்" என்று கையெழுத்திடும் இடத்தில்தான் உயிர் போகிறது. ஆகவே கைக்குழந்தை, சிறுவர், பெரியவர் என மூன்று அளவுக் கஃப்கள் வேண்டும். ஒவ்வொன்றும் காற்றுக் கசியாமல் நிற்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

அடுத்தது எடை பார்க்கும் கருவி. சலைன் கணக்கு முழுதும் எடையை நம்பித்தான். மிகவும் பருமனானவருக்கு உண்மை எடையை எடுக்காமல் உயரத்துக்கு ஏற்ற எடையை எடுங்கள்.

ரிங்கர் லாக்டேட் அல்லது நார்மல் சலைன், 500 மில்லி பாட்டில். அபாய அறிகுறி உள்ளவருக்கு முதல் ஓரிரு மணி நேரம் கிலோவுக்கு மணிக்கு 5 முதல் 7 மில்லி, அடுத்த இரண்டு முதல் நான்கு மணி நேரம் 3 முதல் 5, பிறகு நிலைமையைப் பார்த்து 2 முதல் 3 எனக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். 50 கிலோ எடையுள்ளவருக்குக் குறைந்த அளவில் தொடங்கினால் மணிக்கு 250 மில்லி. மில்லிக்கு 20 சொட்டு விழும் டிரிப் செட்டில் நிமிடத்துக்கு 83 சொட்டு, பாட்டில் இரண்டு மணி நேரத்தில் முடியும். மணிக்கு 150 மில்லிக்கு 50 சொட்டு, 100 மில்லிக்கு 33 சொட்டு. இந்தக் கணக்கில் முதல் 24 மணி நேரத்துக்கு ஒருவருக்கு ஆறு பாட்டில் ஆகும். ஒரே நேரத்தில் ஐந்து பேர் படுப்பார்கள் என்று வைத்தால் முப்பது பாட்டில் தனியாக ஒதுக்கப்பட வேண்டும். பிரசவ வார்டின் இருப்பையும் சேர்த்து எண்ணிவிடாதீர்கள்.

டிரிப் செட்டில் ஒரு கண்ணி உண்டு. எல்லாக் கம்பெனிகளின் செட்டும் 20 சொட்டு கிடையாது, 15 சொட்டு செட்டும் வரும். உறையில் அச்சிட்டிருக்கும். 20-க்குப் போட்ட கணக்கில் 15 சொட்டு செட்டை ஓடவிட்டால் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக உள்ளே போகும். குழந்தைகளுக்கு 60 சொட்டு மைக்ரோ டிரிப் செட் வையுங்கள். அதில் கணக்கே தேவையில்லை: மணிக்கு எத்தனை மில்லியோ, நிமிடத்துக்கு அத்தனை சொட்டு. 15 கிலோ குழந்தைக்குக் கிலோவுக்கு 5 மில்லி என்றால் மணிக்கு 75 மில்லி, நிமிடத்துக்கு 75 சொட்டு. மஞ்சள், நீலம், பிங்க், பச்சை என்று நான்கு நிறக் கேனுலாக்களும் (டிரிப் ஏற்ற ரத்தக் குழாயில் செருகும் குழாய்கள், நிறம் அளவைக் குறிக்கும்) இருக்க வேண்டும். மஞ்சள்தான் முதலில் தீர்ந்துபோகும்.

வெறும் டெக்ஸ்ட்ரோஸ் பாட்டிலைக் காய்ச்சல் வார்டு அலமாரியிலிருந்து எடுத்துவிடுங்கள். சர்க்கரை குறைந்தவருக்குத் தேவைப்படும், அதனால் அவசர டிராலியில் இருக்கட்டும். டெங்கு நோயாளிக்கு அதை டிரிப்பாக ஏற்றினால் குழாய்க்குள் தங்காமல் வெளியேறிவிடும், சோடியமும் இறங்கும்.

ஒவ்வொரு படுக்கையிலும் ஒரு தாள் தொங்க வேண்டும். அதில் நேரம், நாடி, பி.பி., இடைவெளி, கை கால் சூடு, உள்ளே போன மில்லி, சிறுநீர் மில்லி என்று கட்டங்கள். அபாய அறிகுறி உள்ளவருக்கு மணிக்கு ஒருமுறையிலிருந்து நான்கு மணிக்கு ஒருமுறை வரை, நிலைமையைப் பொறுத்து எழுத வேண்டும். சிறுநீரை அளக்க அளவுகோடு போட்ட பிளாஸ்டிக் ஜாடி போதும். மணிக்குக் கிலோவுக்கு அரை மில்லி, அதாவது 50 கிலோ ஆளுக்கு நான்கு மணி நேரத்தில் 100 மில்லி வந்தால் சரி. அதற்குமேல் தாராளமாக வந்தும் சலைனைக் குறைக்காமல் விடுவதும் தவறுதான்.

கொசுவலையையும் கேளுங்கள். காய்ச்சலின் முதல் ஐந்து நாளில் நோயாளியைக் கடிக்கும் ஏடிஸ் கொசு வைரஸை எடுத்துச் செல்லும். அது பகலில் கடிப்பது. ஆகவே வலையை இரவில் மட்டும் கட்டுவதில் பாதிப் பயன்கூட இல்லை. வலை கட்டிய கையோடு உங்கள் வளாகத்தின் பின்பக்கம் போய், உடைந்த கழிவறைக் கோப்பை, மூடியில்லாத சின்டெக்ஸ், ஏ.சி. நீர் சொட்டும் வாளி எல்லாவற்றையும் பாருங்கள். ஊருக்கெல்லாம் நோட்டீஸ் கொடுக்கும் இடத்திலேயே புழு இருந்தால் நன்றாக இராது.

கே: எங்கள் நிலையத்தில் ரத்த அணு எண்ணும் மெஷின் இருக்கிறது. ஆனால் பாதி நாள் "மெஷின் ஓடலை" என்கிறார்கள். ஊராட்சியிலிருந்து என்ன செய்ய முடியும்?
– ஊராட்சி மன்றத் தலைவர், திருவண்ணாமலை மாவட்டம்

ப: முதலில் "ஓடலை" என்பதன் பொருளைக் கேளுங்கள். பெரும்பாலும் மெஷின் பழுதாகியிருக்காது. மூன்று காரணங்களில் ஒன்று இருக்கும். ரீஏஜென்ட் தீர்ந்திருக்கும். டைலுயன்ட், லைஸ், கிளீனர் என்ற திரவங்களில் ஒன்று இல்லாவிட்டாலும் மெஷின் நகராது. மழைக்காலத்தில் பரிசோதனை எண்ணிக்கை பல மடங்காகும், ஆனால் இன்டென்ட் (தேவைப் பட்டியல்) வழக்கமான மாத அளவிலேயே போயிருக்கும். இரண்டாவது, மின்னழுத்த ஏற்ற இறக்கம், யு.பி.எஸ். பேட்டரி செத்திருப்பது. மூன்றாவது, ஒரே லேப் டெக்னீஷியன் விடுப்பிலோ, முகாமிலோ, வேறு நிலையத்துக்கு வாரம் சில நாள் மாற்றுப் பணியிலோ இருப்பது. முதல் இரண்டுக்கும் நோயாளர் நலச் சங்க நிதியில் வழி உண்டு. வட்டார மருத்துவ அலுவலரிடம் கூட்டத்திலேயே கேளுங்கள். மூன்றாவதுக்கு மாவட்ட சுகாதார அலுவலருக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். வாய்வார்த்தை உதவாது.

இன்னொன்றும் கேளுங்கள்: மைக்ரோ ஹெமடோக்ரிட் சென்ட்ரிஃபியூஜ் இருக்கிறதா என்று. மேசை மேல் வைக்கும் சின்ன சுழல் கருவி. விரல் நுனியில் குத்தி, மெல்லிய கண்ணாடிக் குழாயில் ரத்தம் ஏற்றி, ஒரு முனையைக் களிமண் போன்ற சீலால் அடைத்து, நிமிடத்துக்குப் பத்தாயிரத்துக்கு மேல் சுழலும் வேகத்தில் ஐந்து நிமிடம் வைத்தால் பி.சி.வி. தெரிந்துவிடும். ரீஏஜென்ட் கிடையாது. பெரிய மெஷின் நின்றுபோன இரவிலும் சலைனைக் கூட்டவா குறைக்கவா என்று முடிவெடுக்க இது போதும். எங்களைக் கேட்டால், டெங்கு தயார்நிலையில் செலவுக்கு மிஞ்சிய பலன் தரும் கருவி இதுதான். கண்ணாடிக் குழாய்கள் உடையும் என்பதால் கூடுதலாக வாங்கி வைக்க வேண்டும்.

பி.சி.வி. ஏன் இவ்வளவு முக்கியம்? பிளாஸ்மா கசியும்போது சிவப்பணுக்கள் மட்டும் குழாய்க்குள் மிஞ்சி விகிதம் ஏறும். 20 சதவீதம் ஏறினால் கணிசமான கசிவு. எங்கே பிழை வருகிறது என்றால், நம் பெண்களில் ரத்தசோகை அதிகம். இயல்பில் பி.சி.வி. 30 உள்ள பெண்ணுக்கு 36 வந்தால் அது 20 சதவீத ஏற்றம். ஆனால் ரிப்போர்ட்டில் 36 "நார்மல்" என்றுதான் தெரியும். அதனால்தான் முதல் நாளே ஓர் அளவு எடுத்து வைப்பது. அதுவும் சலைன் ஏற்றுவதற்கு முன்பு எடுக்க வேண்டும். டிரிப் போட்ட பிறகு எடுத்த முதல் பி.சி.வி.யை வைத்து எதையும் ஒப்பிட முடியாது. கர்ப்பிணிகளுக்கு கர்ப்பத்தாலேயே பி.சி.வி. இறங்கியிருக்கும். அங்கு ஏமாறுவது இன்னும் எளிது.

கே: தனியார் லேபில் கார்டு டெஸ்டில் டெங்கு பாசிட்டிவ். அரசு நிலையத்தில் அதை ஏற்காமல் மறுபடியும் ரத்தம் எடுத்து மாவட்டத் தலைநகருக்கு அனுப்பினார்கள். எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டவா?
– வாசகர், ஈரோடு

ப: சந்தேகம் புரிகிறது. ஆனால் காரணம் வேறு. தேசியத் திட்டம் எலைசா என்ற ஆய்வகப் பரிசோதனை முறையில் வந்த முடிவைத்தான் உறுதியான டெங்குவாகக் கணக்கில் எடுக்கும். கார்டு டெஸ்டின் துல்லியம் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். காய்ச்சலின் முதல் ஐந்து நாளுக்குள் வைரஸின் புரதத்தைத் தேடும் என்.எஸ்.1 எலைசா, அதன் பிறகு உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளைத் தேடும் ஐ.ஜி.எம். எலைசா. எந்த நாளில் எடுத்தது என்று படிவத்தில் எழுதாவிட்டால் ஆய்வகம் தவறான பரிசோதனையைச் செய்யும், விடை "இல்லை" என்று வரும். ஆறாம் நாளில் எடுத்த என்.எஸ்.1 நெகட்டிவ் என்பதை வைத்துக்கொண்டு "டெங்கு இல்லை" என்று வீட்டுக்கு வந்துவிடக் கூடாது. இரண்டாம் முறை டெங்கு வந்தவர்களுக்கு என்.எஸ்.1 முதல் நாட்களிலேயே நெகட்டிவாக வருவதும் உண்டு. இரண்டாம் முறைதான் தீவிரமாகும் வாய்ப்பு அதிகம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

எலைசா தட்டில் 96 குழிகள். சில மாதிரிகளுக்காக ஒரு கிட்டைத் திறக்க ஆய்வகம் தயங்கும், மாதிரிகள் சேரும்வரை காத்திருக்கும். தொடங்கினாலும் சில மணி நேரம் பிடிக்கும். ஆகவே முடிவு மறுநாள் வந்தால் அதிசயமில்லை. வழியில் கெடுவதும் உண்டு. சீரத்தை (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரை) பிரிக்காமல் அனுப்பிய ரத்தம் குலுங்கிச் சிவந்துபோனால் மாதிரி பயன்படாது. 2 முதல் 8 டிகிரியில் ஐஸ் பெட்டியில் போக வேண்டும்.

உங்களுக்கான சிகிச்சை இந்த முடிவுக்காகக் காத்திருக்காது, காத்திருக்கவும் கூடாது. அந்த முடிவு உங்கள் தெருவுக்காக. டெங்கு அறிவிக்கப்பட வேண்டிய நோய். தனியார் மருத்துவமனையும் லேபும் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். தகவல் வந்தால்தான் சுகாதார ஆய்வாளர் உங்கள் வீட்டையும் சுற்றியுள்ள ஐம்பது வீடுகளையும் பார்க்க ஆள் அனுப்புவார்.

எண்ணிக்கை பற்றிக் கேட்டதால் ஒரு தகவல். 2012-ல் தமிழகத்தில் பதிவானவர்கள் 12,826, இறந்தவர்கள் 66. 2017-ல் 23,294 பேர், இறப்பு 65. நோயாளிகள் இரட்டிப்பை நெருங்கியும் இறப்பு கூடவில்லை. பரிசோதனை பெருகியதால் லேசான நோயாளிகளும் கணக்கில் வந்தார்கள் என்பதையும் கழித்துத்தான் இதைப் படிக்க வேண்டும்.

கே: பிளேட்லெட் 42,000. நல்ல நிலையில் இருக்கும் என் தங்கைக்கு பிளேட்லெட் ஏற்ற மறுக்கிறார்கள். வேறு இடம் போகலாமா?
– வாசகி, கோவை

ப: வேண்டாம். ரத்தக்கசிவு இல்லாதவருக்கு 10,000-க்குக் கீழே போகும்வரை தட்டணு ஏற்றத் தேவையில்லை என்பதே தேசிய வழிகாட்டுதல். ஏற்றிய தட்டணுக்கள் சில மணி நேரத்தில் அழிந்துவிடும். ஒவ்வாமை வரலாம், நீர்ச்சுமை கூடலாம். டெங்கு மரணங்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் நேரத்தில் கவனிக்கப்படாத அதிர்ச்சி நிலை. "எத்தனை பிளேட்லெட்?" என்று கேட்பதை விட்டு "பி.பி. இடைவெளி எவ்வளவு, பி.சி.வி. ஏறுகிறதா, சிறுநீர் போகிறதா?" என்று கேளுங்கள். திடீரென்று எண்ணிக்கை பாதாளத்துக்குப் போனால் மெஷினையும் சந்தேகிக்கலாம். ரத்தம் எடுத்ததும் குழாயை மெதுவாக எட்டுப் பத்து முறை கவிழ்த்து நிமிர்த்தாவிட்டால் சிறு கட்டிகள் உண்டாகி எண்ணிக்கை குறைவாக வரும். கண்ணாடித் தகட்டில் பார்த்தால் தெரிந்துவிடும்.

கே: பப்பாளி இலைச் சாறு, நிலவேம்புக் குடிநீர்?
– பலர்

ப: நிலவேம்புக் குடிநீர் அரசு நிலையங்களிலேயே தரப்படுகிறது. நிலவேம்புடன் வெட்டிவேர், விலாமிச்சு, சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் சேர்ந்த ஒன்பது சரக்குக் குடிநீர் அது. குடிப்பவர் குடிக்கட்டும். அதைக் குடித்துவிட்டோம் என்று மறுநாள் பரிசோதனைக்குப் போகாமல் இருப்பதுதான் சிக்கல். பப்பாளி இலை தட்டணுவைக் கொஞ்சம் சீக்கிரம் ஏற்றுவதாகச் சில ஆய்வுகள் உண்டு, உயிரிழப்பைக் குறைத்ததாக நிரூபணம் இல்லை. வாந்தி எடுக்கும் குழந்தைக்கு அந்தக் கசப்பைத் திணித்து, உள்ளே இருந்த கஞ்சித் தண்ணீரையும் வெளியே வரவைக்காதீர்கள்.

கே: எங்கள் நிலையத்திலிருந்து அனுப்பும் டெங்கு நோயாளிகளை மாவட்ட மருத்துவமனையில் "லேட்டாக அனுப்பினீர்கள்" அல்லது "நீர் அதிகம் ஏற்றிவிட்டீர்கள்" என்று சொல்கிறார்கள். எப்படி அனுப்ப வேண்டும்?
– மருத்துவ அலுவலர், டெல்டா பகுதி

ப: இரண்டு குற்றச்சாட்டும் பெரும்பாலும் ஒரே காரணத்தால் வருகின்றன: கடிதத்தில் விவரம் இல்லை. "டெங்கு, பிளேட்லெட் 38,000, மேல் சிகிச்சைக்கு" என்ற ஒற்றை வரி அங்கு யாருக்கும் உதவாது. இவற்றை எழுதுங்கள்: காய்ச்சலின் எத்தனையாவது நாள், கடைசியாகக் காய்ச்சல் இருந்த நேரம், சலைனுக்கு முந்தைய பி.சி.வி., பிறகு எடுத்தவை நேரத்துடன், இதுவரை ஏற்றிய மொத்த மில்லி, இப்போது ஓடும் வேகம், கடைசியாகச் சிறுநீர் கழித்த நேரம், கிளம்பும்போது பி.பி. இடைவெளி. ஏற்றிய அளவு தெரியாவிட்டால் அங்குள்ளவர் முதலிலிருந்து தொடங்குவார். நீர் மிகுந்து மூச்சுத்திணறல் வருவது அங்கிருந்துதான்.

அதிர்ச்சி நிலையில் உள்ளவரைச் சரிசெய்யத் தொடங்காமல் வண்டியில் ஏற்றக் கூடாது. இடைவெளி குறுகி, மேல் எண் இன்னும் தாங்கியிருந்தால் கிலோவுக்கு 5 முதல் 10 மில்லி ஒரு மணி நேரத்தில். மேல் எண்ணும் விழுந்துவிட்டால் கிலோவுக்கு 20 மில்லி 15 நிமிடத்தில். அந்த முதல் பாட்டில் உங்கள் நிலையத்தில் தொடங்க வேண்டும். வண்டிக்குள் 108 ஊழியரிடம் சொட்டு எண்ணிக்கையைச் சொல்லித் தாளிலும் எழுதிக் கொடுங்கள். மேடு பள்ளத்தில் சொட்டைக் கட்டுப்படுத்தும் ரோலர் கிளாம்ப் நழுவிப் பாட்டில் பத்து நிமிடத்தில் காலியாவது அடிக்கடி நடக்கிறது. கிளம்பும் முன் அங்கு போன் செய்து படுக்கை இருக்கிறதா என்று கேட்டால் இன்னொரு மருத்துவமனைக்கு அலையும் நேரம் மிச்சம்.

பி.சி.வி. திடீரென்று இறங்கியும் நாடி வேகம் குறையவில்லை, பி.பி. தேறவில்லை என்றால் உள்ளே எங்கோ ரத்தம் போகிறது. அங்கே சலைனைக் கூட்டிக்கொண்டே போவது பயன் தராது, ரத்தம் வேண்டும். ரத்தச் சேமிப்பு வசதி உள்ள இடத்துக்கே அனுப்புங்கள்.

மழைக்காலக் காய்ச்சல் எல்லாம் டெங்கு இல்லை என்பதும் நினைவில் இருக்கட்டும். ஸ்க்ரப் டைஃபஸ் எனும் உண்ணிக் காய்ச்சல் அதே மாதங்களில் வருகிறது, தட்டணுவையும் குறைக்கும். அக்குள், தொடை இடுக்கு, இடுப்பு மடிப்பில் சிகரெட் சுட்டது போன்ற கருப்புப் பொருக்கு இருக்கிறதா என்று துணியை விலக்கிப் பாருங்கள். அதற்கு டாக்ஸிசைக்ளின் என்ற மலிவான மருந்து இருக்கிறது. டெங்கு என்று நினைத்து அதைக் கொடுக்காமல் விடுவது பெரிய இழப்பு.

கே: இலங்கையில் காய்ச்சல் மூன்றாம் நாளே எஃப்.பி.சி. (முழு ரத்த அணு எண்ணிக்கை) எடுக்கச் சொல்கிறார்கள். தமிழ்நாட்டு நடைமுறைக்கும் எங்களுடையதுக்கும் என்ன வித்தியாசம்?
– வாசகர், யாழ்ப்பாணம்

ப: அடிப்படை ஒன்றுதான். இலங்கை வழிகாட்டுதல் கசிவுக் காலத்தை மணிக்கணக்கில் துரத்துகிறது. தட்டணு ஒரு லட்சத்துக்குக் கீழே வந்தால் வைத்தியசாலையில் அனுமதிப்பதும், கசிவுக் காலம் முழுமைக்குமான நீரளவை முன்கூட்டியே ஓர் ஒதுக்கீடாக வகுத்து, வாயால் குடிப்பதையும் அதில் சேர்த்து எண்ணுவதும் அங்குள்ள பழக்கம். இங்கே பல வார்டுகளில் இளநீர் கணக்கில் வருவதே இல்லை. இந்தப் பழக்கத்தை நாம் எடுத்துக்கொள்ளலாம். நோயாளி பற்றித் தெரிவிக்கும் எச்544 அட்டை சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று நீங்களும் வார்டில் கேட்டுவையுங்கள். அது போனால்தான் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்கு வருவார்.

கே: நான் கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர். அபேட் (டெமிஃபாஸ் எனும் கொசுப்புழு மருந்து) ஊற்றும் அளவில் ஆளுக்கொரு கணக்கு சொல்கிறார்கள். மக்களோ புகை மெஷின் எங்கே என்றுதான் கேட்கிறார்கள்.
– வாசகி, வேலூர்

ப: புகை பறக்கும் கொசுவை மட்டும், அதுவும் புகை தொட்ட கொசுவை மட்டும் கொல்லும். ஏடிஸ் வீட்டுக்குள், கட்டிலடியில், தொங்கும் துணிக்குப் பின்னால் இருக்கும். புகை வருகிறது என்று நாம் கதவைச் சாத்திவிடுவோம். அடுத்த நாள் தொட்டியிலிருந்து புதுக் கொசு கிளம்பும். நோயாளி உள்ள தெருவில் புகை அடிப்பதற்குப் பொருள் உண்டு. ஊர் முழுக்க அடிப்பது கண்ணுக்குத் தெரியும் வேலை என்பதைத் தவிர வேறில்லை.

டெமிஃபாஸ் 50 சதவீத மருந்துக்குக் கணக்கு இது: லிட்டருக்கு 1 மில்லிகிராம் செயல் மருந்து. ஆயிரம் லிட்டர் தண்ணீருக்கு 2 மில்லி. சின்னத் தொட்டிக்கு இதை நேரடியாக அளக்க முடியாது. 2 மில்லியை 1 லிட்டர் தண்ணீரில் கலக்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு 100 லிட்டருக்கும் அந்தக் கரைசலில் 100 மில்லி ஊற்றுங்கள். அளவு தொட்டியில் இப்போதுள்ள தண்ணீருக்கு அல்ல, தொட்டி நிரம்பும்போது உள்ள கொள்ளளவுக்கு. கரைசலை அன்றன்றே கலந்து தீர்த்துவிடுங்கள். மருந்து பாட்டிலின் மூடியால் அளப்பதை நிறுத்தி, ஊசியில்லாத 5 மில்லி சிரிஞ்சைக் கேட்டு வாங்குங்கள்.

தண்ணீரைக் காலி செய்து மறுபடி நிரப்பும் வீட்டில் மருந்தும் சேர்ந்து போய்விடும். அங்கு வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுவதுதான் வழி. முட்டையிலிருந்து கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள் ஆகும் என்பதால்தான் வாரக் கணக்கு. கவிழ்த்துக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டைகள் தண்ணீர்க் கோட்டுக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்து கிடந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்து, அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டாமல் மண்ணில் கொட்டச் சொல்லுங்கள். வீட்டுக்குள் போனதும் குடத்தைப் பார்ப்பதற்கு முன் ஃபிரிட்ஜின் பின்பக்கத் தட்டை இழுத்துப் பாருங்கள். பல வீடுகளில் அப்படி ஒரு தட்டு இருப்பதே வீட்டுக்காரருக்குத் தெரியாது.